சிறகில் வெள்ளைக் கோடு

பங்குனி வெயில் ஏறுமுன் காக்கை ஊர்ப் பறவைகளைக் கடற்கரைக்குக் கூட்டிவந்தது. குளிர்காலத்துக்கு வந்து வடக்கே திரும்பப் போகிற உள்ளான் குருவி ஒன்று, சேற்றைக் கிளறி மும்முரமாகத் தின்றுகொண்டிருந்தது.

“பறந்தால்தான் சிறகிலிருக்கும் வெள்ளைக் கோடு தெரியும்” என்றது காக்கை.

உடனே மைனா கத்த, உள்ளான் பதறிப் பறந்து, சுற்றிவந்து இறங்கியது. புறா பார்த்துவிட்டது. மைனாவுக்கு வெயிலில் கண் கூசிவிட்டது. ஊருக்குப் போனால் புறா இதையே சொல்லிப் பீற்றிக்கொள்ளுமே.

“எனக்குத் தெரியலண்ணே” என்று காக்கையிடம் சொல்லிவிட்டு மறுபடி கத்தியது. அப்போதும் தெரியவில்லை. இன்னொரு முறை கத்தியது.

இம்முறை உள்ளான் பறக்கவில்லை. மூச்சு வாங்க, நடந்தே மைனாவிடம் வந்தது.

“தப்பா நினைச்சுக்காதீங்க. பொழுது சாஞ்சதும் கெளம்பணும், ரொம்ப தூரம். வழியில தின்ன ஒண்ணும் கிடைக்காது. சும்மா பறந்தா தெம்பு போயிரும். கிட்டவே காட்டுறேன், நல்லாப் பாத்துக்குங்க.”

சிறகை விரித்துப் பிடித்தது. புறாகூட எட்டிப் பார்த்தது. மைனா தன் காலடிச் சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தது.

“தெரிஞ்சுதாங்க?” என்று உள்ளான் கேட்டது.

மைனா தலையைத் தூக்காமலே, “பாத்துட்டேங்க” என்றது.