மங்கலாக்கிய முகம்

"மூஞ்சி தெரிஞ்சா என் வேலை பூடும் தம்பி."

"மங்கலாக்கிடுவோம்ண்ணே, பயப்படாம பேசுங்க," என்றார் டிவி நிருபர் பிரசன்னா.

எங்கள் கம்பெனி கொரட்டூர் ஏரிக்குள் ஆசிட் தண்ணீர் விடுவதைக் கேமரா முன்னால் சொன்னேன். அன்றே ஒளிபரப்பினார்கள். ஷிப்டில் இருந்ததால் நான் பார்க்கவில்லை.

மறுநாள் கம்பெனி கேட்டிலேயே, உனக்கு இங்கே வேலை இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிரசன்னாவுக்குப் போன் போட்டேன்.

"மறைக்கிறேன்னு சொல்லிட்டு, இன்னா தம்பி இப்டி பண்ணிட்ட?"

"மறைச்சோமேண்ணே, உங்க முதலாளி முகத்தை."

"அவர் மூஞ்சியவா?"

"அந்தரங்கத்துல தலையிட்டோம்னு அவர் கேஸ் போட்டா எங்க சேனல் தாங்காதுண்ணே. நீங்க கோர்ட்டுக்கா போகப் போறீங்க?"

"அங்க எந்த பஸ் போவுது தம்பி?" என்று கேட்டேன்.

அவர் போனை வைத்துவிட்டார்.