ஆட்டுக்கு வந்த கதவு

தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லைன் வீடுகளுக்கு ஓரமாகச் சிறுத்தைக்குக் கூண்டு வைத்தார்கள். கூண்டின் பின்பாதியைக் கம்பியால் தடுத்து, ஆசை காட்ட அங்கே ஓர் ஆட்டை விட்டுப் பூட்டினார்கள்.

பொழுது சாயும் நேரம் சிறுத்தை புதருக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது.

"வா, வா. நீ நுழைஞ்சா உனக்குப் பின்னாடி கதவு விழும்," என்றது ஆடு தெனாவட்டாக. "என்னை உன்னால தொடக்கூட முடியாது. சுத்திலும் கம்பி. காவலுக்கு ஆள் வேற."

"தெரியும். நான் உன்னைப் பார்க்க வரல," என்றது சிறுத்தை.

அது பார்த்த பக்கம் ஆடும் பார்த்தது. லைன் வீட்டு ஸ்டெல்லாவின் சின்ன மகள் நிரோஷா, தண்ணீர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு தேயிலைச் செடிகளுக்குள் தனியாகப் போய்க்கொண்டிருந்தாள். அவளைச் சுற்றி ஒரு கம்பியும் இல்லை.

ஆடு தொண்டை கிழியக் கத்தியது. தன் கதவை முட்டி முட்டி ஆட்டி நெளித்தது. சத்தம் கேட்டு ஸ்டெல்லா ஓடிவந்து பிள்ளையை வாரி எடுத்தாள். சிறுத்தை புதருக்குள் பின்வாங்கியது.

எல்லாம் முடிந்தபிறகு காவலாளி வந்தார்.

"அண்ணே, எங்க கக்கூசுக்கு ஒரு கதவு போடச் சொல்லுங்கண்ணே. அது இல்லாமத்தான் புள்ளைங்க செடிக்குள்ள போகுதுங்க," என்றாள் ஸ்டெல்லா.

காவலாளி தலையாட்டிக்கொண்டே கூண்டைச் சுற்றிப் பார்த்தார். பிறகு ஆபீசுக்குப் போன் போட்டார்.

மறுநாள் காலையிலேயே புத்தம்புது இரும்புக் கதவு ஒன்று வந்து இறங்கியது. அதை ஆட்டுக்குப் போட்டார்கள்.