முந்நூறு மேசைகள்

எங்கள் பல்கலைக்கழகத்தில் விரிவுரை முடிந்தால் யாரும் கை தட்டுவதில்லை. விரல் முட்டியால் மேசையில் தட்டுவார்கள். ஜெர்மன்காரர்களின் பழைய வழக்கம் அது. தென்காசியிலிருந்து ஜெர்மனிக்கு வந்த புதிதில், முதல் வகுப்பு முடிந்ததும் நான் பலமாகக் கை தட்டிவிட்டேன். அரங்கமே திரும்பிப் பார்த்தது. பக்கத்திலிருந்த யாழ்ப்பாணத்துத் தர்மினி என் கையைப் பிடித்து மேசைமேல் வைத்தாள்.

“இஞ்ச கை தட்டுறேல்ல. மேசையில தட்டும்.”

நாற்பது வருடமாகிறது. இன்று அதே அரங்கில் என் கடைசி விரிவுரை. இப்போதெல்லாம் மாணவர்கள் வருவதில்லை. அவர்களுக்குப் பதிலாக இயந்திரங்கள் பாடத்தைக் கேட்டு, சாரத்தை மட்டும் வீட்டுக்கு அனுப்பிவிடுகின்றன. யாரும் தாமதமாக வருவதில்லை, தூங்கி வழிவதில்லை, பின்வரிசையில் ஒளித்து ரொட்டி தின்பதுமில்லை. அந்த ரொட்டி வாசனைக்குக்கூட நான் ஏங்கியதுண்டு.

பனிப்பாறைகளைப் பற்றிப் பேசி முடித்து நன்றி சொன்னேன். காலியான முந்நூறு மேசைகளும் தாமாகவே டக்டக்கென்று ஒலித்தன. ஒரே சீராக, சரியாகப் பத்து விநாடி. எல்லா வாரமும் அதே பத்து விநாடிதான். நான் தாள்களை அடுக்கத் தொடங்கினேன்.

அப்போது இருண்டிருந்த கடைசி வரிசையில் யாரோ பலமாகக் கை தட்டினார்கள். நரைத்த தலையோடு தர்மினி எழுந்து நின்றிருந்தாள்.

“ஏட்டி, இங்க கை தட்டக் கூடாதுன்னு நீதான சொன்ன?” என்றேன்.

அவள் நிறுத்தவில்லை.

“மேசையில தட்டினா, நான் வந்தது உமக்கு எப்பிடித் தெரியும், கோமதி?”