இன்சூரன்ஸில் கேட்டுச் சொன்னாள்

"என்னங்க, சாவியப் போடுங்க! இன்சூரன்ஸ்ல கேட்டுட்டேன்!"

படிக்கட்டில் நின்றபடி மனைவி கத்தினாள். கீழ்த்தள பார்க்கிங்கில் புயல் மழைத் தண்ணீர் முழங்காலுக்கு மேல் நின்றது. நடுவே அவன் நின்றான், பக்கத்தில் அவனுடைய கார். அதன் முன் சீட்டில் அவள் உட்கார்ந்தே ஒரு வருடம் ஆகிறது.

"என்ன சொன்னாங்க?"

"புயல்ல நனைஞ்சா எல்லாத்துக்கும் கவர் உண்டாம். உடனே ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பாக்கச் சொல்றாங்க."

"பரவால்லியே, உனக்குக்கூட உருப்படியா ஒரு வேலை செய்யத் தெரியுது!"

ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினான். இன்ஜின் இரண்டு முறை இருமியது. மடாரென்று ஒரு சத்தம். அப்புறம் மூச்சே இல்லை.

தண்ணீர் வடிந்ததும் இன்சூரன்ஸ் கம்பெனியின் சர்வேயர் வந்தார். பானெட்டைத் திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"ஃபுல் கவர்தான் சார். சீட்டு, வயரிங் எல்லாத்துக்கும் கிடைச்சிடும். ஆனா தண்ணியில நின்ன வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டீங்க, இன்ஜினுக்கு வராது. அதுக்குத் தனியா கவர் எடுத்திருக்கணும்."

"அதெப்படி? ஸ்டார்ட் பண்ணச் சொன்னதே உங்க ஆளுங்கதானே!" எகிறினான் அவன்.

"நாங்க அப்படிச் சொல்லவே மாட்டோமே. எந்த நம்பர்ல கேட்டீங்க?"

மனைவி வெள்ளந்தியாக முன்னால் வந்தாள். "இவர் போன்ல 'இன்சூரன்ஸ்'னு ஒரு நம்பர் இருந்துச்சு சார். ஒரு பொண்ணு பேசுச்சு. ரொம்பத் தன்மையா."

அவன் முகம் வெளுத்தது. அந்தப் பெயருக்குள் அவன் ஒளித்து வைத்திருந்தது வேறொருத்தியை. தனக்குக் கல்யாணமே ஆகவில்லை என்று நம்பவைத்து, அதே முன் சீட்டில் ஊரெல்லாம் சுற்றிவிட்டு, போன மாதம்தான் கழற்றிவிட்டிருந்தான். நம்பரை அழிக்க மறந்துவிட்டான். பாவி, நேரம் பார்த்துப் பழிவாங்கிவிட்டாள்!

"அந்த நம்பரைக் குடுங்க, நானே கேக்கறேன்" என்றார் சர்வேயர்.

"வேணாம் சார், விடுங்க! தப்பு என்மேலதான்."

இன்ஜின் போனால் போகட்டும். பக்கத்தில் நிற்பவளுக்கு விஷயம் தெரியாமல் போனதே பெரிய புண்ணியம். சர்வேயரை அவசர அவசரமாக வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

மனைவி மாடியேறி வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினாள். தன்னுடைய போனிலிருந்து அதே நம்பரை அழைத்தாள்.

"கார் முடிஞ்சுது, தங்கச்சி. அடுத்து என்ன?"