நான்கு வீடுகளுக்கு ஒரு கையெழுத்து

சுசிலாவின் கணவனையும் கணவனின் தமையனையும் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, வழக்கறிஞர் தர்மிகா கதவைச் சாத்தினாள்.

சுசிலாவிடம் தனியாகத்தான் கேட்க வேண்டுமாம். அதுதான் முறையாம்.

சுசிலா தலையாட்டினாள். முதியோர் இல்லத்து இரவு ஷிப்ட் முடிந்து வந்து, முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு புறப்பட்டவள். கண் எரிந்தது.

தர்மிகா பொறுமையாக விளக்கினாள். அண்ணனும் தம்பியும் சேர்ந்து வைத்திருக்கும் மூன்று வாடகை வீடுகளையும், லண்டன் மனோர் பார்க்கில் சுசிலா குடியிருக்கும் வீட்டையும் வங்கி ஒரே கடனுக்குள் கொண்டுவரும். அந்தக் கடனில் அப்டன் பார்க்கில் கீழே கடையும் மேலே வீடுமாக இருக்கும் கட்டடம் ஒன்றை வாங்கலாம். வாடகைகள் ஒழுங்காக வந்தால் பிரச்சினை இல்லை. ஏதாவது ஒன்று பிசகினால், எல்லாவற்றிலும் வங்கி கை வைக்கும்.

"நாங்கள் இருக்கிற வீட்டிலயுமோ?"

"ஓம் அன்ரி. அதில உங்கட பேரும் இருக்கு. நீங்கள் கையெழுத்து வைக்காட்டில் இது நடக்காது."

கண்ணாடிக்கு அப்பால் தமையன் இராசரத்தினம் கையை வீசிப் பேசிக்கொண்டிருந்தார். அவள் கணவன் சண்முகராசா வழக்கம்போலத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். ஜெர்மனியில் விசா இல்லாமல் அலைந்த தம்பியை லண்டனுக்கு எடுப்பித்தவர் இராசரத்தினம். முதல் வேலை பிடித்துக் கொடுத்ததும் அவர்தான், கல்யாணம் பேசியதும் அவர்தான். அந்த அண்ணனுக்குக் கணவன் ஒரு சொல் மறுத்துச் சொல்லி சுசிலா கேட்டதில்லை.

மறுத்ததெல்லாம் அவள்தான். இராசரத்தினம் தன் மகள் வயதுக்கு வந்த சாமத்திய வீட்டுக்கு நகை இரவல் கேட்டபோது தர மாட்டேன் என்றாள். அவருடைய கடையில் சம்பளமில்லாமல் நிற்க மாட்டேன் என்றாள். அந்தக் குடும்பத்தில் அவளுக்குக் கல்நெஞ்சுக்காரி என்று பேர்.

பேனையைக் கையில் எடுத்தாள்.

இந்த ஒரு தரம் நல்லவளாக இருந்துவிட்டால் என்ன? வெளியே போனால் இராசரத்தினம் சிரிப்பார். எல்லாருக்கும் தேத்தண்ணி வாங்கித் தருவார். அவளும் வீட்டுக்குப் போய் நிம்மதியாகப் படுக்கலாம்.

பேனையை மேசையில் வைத்தாள்.

"ஏலாது பிள்ளை."

வீட்டில் இதனால் ஏதும் பிரச்சினை வருமா என்று தர்மிகா குரலைத் தாழ்த்திக் கேட்டாள். வராது என்றாள் சுசிலா. தானே வெளியே போய்ச் சொன்னாள்.

இராசரத்தினம் அவளைப் பார்க்கவே இல்லை. "உன்ர வீட்டில ஆர் ஆம்பிளை?" என்று தம்பியைக் கேட்டார்.

சண்முகராசாவின் முகம் கறுத்தது. அண்ணனுக்கு முன்னாலேயே அவளை ஏசினார். நன்றி கெட்டவள் என்றார். எங்கள் குடும்பத்தைப் பிரிக்க வந்தவள் என்றார். வரவேற்பில் இருந்த பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

சுசிலா தன் பையை எடுத்துத் தோளில் போட்டாள்.

இராசரத்தினம் காரில் ஏறிப் போனார். இவர்கள் இருவரும் பஸ்ஸில் ஏறினார்கள். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். சண்முகராசா பக்கத்தில் வந்து அமர்ந்து, அவளுடைய பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

காலையில் அவள் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே வாசலில் நின்று, அண்ணையிட்டை என்னாலை சொல்ல ஏலாது, நீ மாட்டன் எண்டு சொல்லு என்று கெஞ்சியவர் அவர்தான்.

இப்போது ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

அவள் அதற்குள் நித்திரையாகிப் போயிருந்தாள்.