மில்கா ஒப்படைத்த துப்பாக்கி

"ஜெர்மன்னு எழுதினா நான் கையெழுத்துப் போட மாட்டேன்," என்றாள் மில்கா பஸ்ஸானி.

கான்ஸ்டபிள் டாரல் பேனாவைப் படிவத்தின் மேல் வைத்தான். மணி நாலே கால். உரிமம் இல்லாத துப்பாக்கிகளைத் தண்டனை இல்லாமல் ஒப்படைக்க அரசாங்கம் கொடுத்த கெடு ஐந்து மணியோடு முடிகிறது. கூமா ஊர் மண்டபத்தில் காலையிலிருந்து நின்ற வரிசையில் கடைசியாக மிஞ்சியவள் இந்த எழுபத்தொரு வயதுக்காரிதான். மேசைமேல், பழைய கம்பளியிலிருந்து பிரித்தெடுத்த ராணுவத் துப்பாக்கி ஒன்று. பக்கத்தில் ஒரு பிஸ்கட் டப்பா.

"மிசஸ் பஸ்ஸானி, எப்படியும் இதை உருக்கத்தான் போறாங்க. என்ன பேர் எழுதினா என்ன?"

"உன்னைப் புதைக்கும்போது கல்லுல வேற எவன் பேரையாவது வெட்டினா சும்மா இருப்பியா?"

"கையெழுத்து இல்லாம நான் வாங்க முடியாதே! திருப்பி எடுத்துட்டுப் போனீங்கன்னா, நாளைக்குக் காலையில நானே வந்து உங்களைக் கைது பண்ணணும்."

"வா. காபி போட்டு வைக்கிறேன்."

டாரல் திரும்பி மெர்வைக் கூப்பிட்டான். மெர்வ் ராணுவத்தில் துப்பாக்கி பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். வருகிற ஆயுதங்களை அடையாளம் சொல்வதற்காகவே அன்று வந்திருந்தார். மூலையில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தவர், கையைத் துடைத்துக்கொண்டே எழுந்து வந்தார்.

"இதை ஜெர்மன்னு சொன்னது யாரு?"

"நான்தான். மரம் இருக்கு, போல்ட் இருக்கு, பழசா இருக்கு..."

"எங்க வீட்டுக் கொல்லைக் கதவுலயும்தான் இதெல்லாம் இருக்கு."

மில்கா சிரித்துவிட்டாள்.

மெர்வ் முதலில் போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து, உள்ளே குண்டு இல்லை என்று விரலை விட்டு நிச்சயப்படுத்திக்கொண்டார். நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கினார். குழலின் அடிப்பாகத்தை எண்ணெய்த் துணியால் தேய்க்கத் தேய்க்க, துருவுக்கு அடியிலிருந்து சின்னதாக ஒரு கிரீட முத்திரை எட்டிப் பார்த்தது. அதன் கீழே எழுத்துகள்.

"டெர்னி தொழிற்சாலை. நாற்பத்தொண்ணாம் வருஷம். இத்தாலிக்காரன் செஞ்சது. கார்கானோன்னு பேரு."

"இப்போ எழுது தம்பி," என்றாள் மில்கா.

டாரல் 'ஜெர்மன்' என்பதைக் கோடிட்டு அடித்தான். "அவங்கமேல அப்படி என்ன கோபம்?"

"எங்க அண்ணனைக் கூட்டிட்டுப் போனாங்க. திருப்பி அனுப்பல."

டாரல் அடித்த எழுத்தை இன்னொரு முறை அழுத்தி அடித்தான்.

"பொறு, குண்டு அளவையும் எழுதணும்," என்றார் மெர்வ். "இந்த இனத்துல ரெண்டு அளவு உண்டு. டப்பாவைத் திறங்க மில்கா, பார்ப்போம்."

உள்ளே பழைய துணியில் சுற்றி, ஒரே உலோகச் சட்டத்தில் செருகிய ஆறு குண்டுகள். பச்சை பூத்திருந்தன.

"பாரு டாரல். ஜெர்மன்காரன் அஞ்சு அஞ்சாப் போடுவான். இதுக்கு ஆறு, சட்டத்தோடயே உள்ளே போயிடும். மூக்கைப் பாரு, நீளமா, மழுங்கலா இருக்கு. இன்னொரு அளவா இருந்தா கூரா இருக்கும்." அளவுகோலால் பிடித்துப் பார்த்தார். "ஆறரை மில்லிமீட்டர். எழுதிக்கோ."

டாரல் எழுதினான். "ஒரு சந்தேகம். இவ்வளவு நீளத்தை இந்த நாட்டுக்குக் கப்பல்ல எப்படிக் கொண்டுவந்தீங்க?"

"அது உன் படிவத்துல இருக்கா?"

"இல்ல."

"மெத்தைக்குள்ள வச்சு. அதுமேல எட்டு மாசக் கர்ப்பிணி நான் படுத்திருந்தேன். எழுப்பிச் சோதிக்க எந்த அதிகாரிக்கும் தைரியம் வரல."

மெர்வ் குழலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பார்த்தார். "உள்ளே ஒரு கீறல் இல்ல. குண்டும் ஆறும் அப்படியே இருக்கு. இதால சுட்டதே இல்ல போல. உங்க வீட்டுக்காரர் துல்லியோகூட அணைக்கட்டு வேலையில ஏழு வருஷம் இருந்திருக்கேன், போரைப் பத்தி வாயே திறக்க மாட்டார். அப்படி என்னதான் பண்ணினார்?"

"பயந்தார். நல்லாச் சமைச்சார்."

சொல்லும்போது அவள் குரல் லேசாக இறங்கியது. துல்லியோ போய் நான்கு மாதம்தான் ஆகிறது.

டாரல் கடைசிக் கட்டத்துக்கு வந்தான். "எப்படிக் கிடைத்ததுன்னு கேட்டிருக்கு. கணவர் இறந்தப்புறம் வந்ததுன்னு போட்டுடட்டுமா?"

"தப்பு. உயிரோட இருக்கும்போதே கொடுத்தார். கேட்ட உடனே கொடுத்தார்."

"எந்த வருஷம்?"

"நாற்பத்து மூணு, செப்டம்பர். ஸ்லோவேனியாவுல, எங்க ஊருக்கு மேல இருக்கிற காட்டுப் பாதையில." மில்கா கம்பளியை மடிக்க ஆரம்பித்தாள். "நான் இத்தாலிக்காரி இல்ல தம்பி. பஸ்ஸானிங்கிறது அவர் பேரு. எங்க மண்ணைப் பிடிச்சு வச்சிருந்த படை அவங்களோடது. அது கலைஞ்சு ஓடினப்போ, இவர் வழி தெரியாம, இதைத் தோள்ல மாட்டிக்கிட்டுத் தனியா வந்தார். 'கீழே வை, கையைத் தூக்கு'ன்னு கத்தினேன்."

டாரலின் பேனா நின்றுவிட்டது. மெர்வின் கண்கள் மின்னின.

"அப்போ உங்க கையில இருந்தது எந்தத் துப்பாக்கி மில்கா?"

மில்கா பேனாவை வாங்கி, நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள்.

"புதருக்குள்ளேருந்து நான் நீட்டினது மண்வெட்டிக் காம்பு," என்றாள். "அதைக் கல்யாணம் முடிஞ்ச மறுநாள்தான் அவர்கிட்ட சொன்னேன்."