கறுப்புப் பொடி

“அம்மா, நான் செஞ்ச கறுப்புப் பொடி ஜெயிச்சிருச்சு!” ஆய்வுக்கூடத்திலிருந்து போனில் கத்தினாள் யோகப்பிரியா.

“அது என்ன கண்ணு பண்ணும்?” சித்தூர் தோட்டத்து வீட்டில் மருதாத்தாள் கேட்டாள்.

“காத்துல இருக்கற ஆக்சிஜன்ல ஓடற பேட்டரிம்மா. இந்தப் பொடியைச் சேத்தா ரெண்டு மடங்கு கரண்டு வருது. லீவுக்கு வந்தப்ப அலமாரில வெச்சிருந்தனே, அந்தப் பாட்டில்தான்! இன்னும் அம்பது கிராம் கேக்கறாங்க.”

“உன்ற கைராசி கண்ணு!” மருதாத்தாள் போனை வைத்தாள்.

“டார்ச் லைட்டு எரியல. ஒரு பேட்டரிக் கட்டையைக் காணோமே?” கணவர் குப்பண்ணன் கேட்டார்.

“ஏனுங்க, தூசி தட்டறப்ப புள்ள பாட்டில் கவுந்து பொடியெல்லாம் கொட்டிப்போச்சுங்க. அந்தக் கட்டையை ஒடைச்சு, உள்ள இருந்த கறுப்புப் பொடியைத்தான் ரொப்பி வெச்சேன். சந்தைக்குப் போனா இன்னும் ரெண்டு கட்டை வாங்கியாங்க. அம்பது கிராம் வேணுமாம்.”